அப்பாவின் ஸ்லைடு

சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி வந்தவர்களின் திசுவில் அவரவர் ரத்த குரூப்பின் அடையாளம் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அப்போது எங்கள் ஆய்வகத்தில் வேலை. நல்ல செல்லில் அது இருக்கும். கட்டி முரடாக ஆக ஆக காணாமல் போவதுண்டு. இருந்தால் அந்தந்த குரூப்புக்கான மருந்து பட்டதும் பழுப்பு ஏறும், இல்லையென்றால் வெறும் நீலமாக நிற்கும். கோவையில் இருபது வருடமாக ஸ்லைடுக்கு நிறம் ஏற்றிச் சோறு தின்கிறவள் நான். அன்றைக்கு வந்த திசு என் அப்பாவுடையது.

அப்பா ஈரோட்டில் சாயப்பட்டறையில் காலம் தள்ளியவர். படிவத்தில் ரத்த குரூப் கேட்ட இடத்தில் 'ஏ' என்று எழுதினேன். அவருடைய டிரைவிங் லைசென்ஸில் அப்படித்தான் இருக்கிறது. பெற்ற அப்பாவின் குரூப்புக்குக் கேஸ் ஷீட்டைப் புரட்டுவதா என்ற திமிர்.

ஸ்லைடில் ஒரு புள்ளி பழுப்பு இல்லை. அப்பா இல்லாத வீட்டை அந்த நிமிடமே நினைத்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, கட்டியவே பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க, ரத்தக் குழாயப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. கட்டி எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் அதற்குள் ஓடும் ரத்தக் குழாயின் சுவர் நிறம் பிடிக்கும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு நம் கையில். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்வது இது. குழாயும் நீலமாகத்தான் இருந்தது.

கேஸ் ஷீட்டை எடுத்தேன். ஆபரேஷனுக்கு முன் சோதித்த குரூப் 'பி'. டிரைவிங் ஸ்கூல்காரர் அந்தக் காலத்தில் மனம்போல ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா 'ஓ', நான் 'பி'. எனக்கு அது அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க முடியும். இதுகூடத் தோன்றாமல் இத்தனை வருடம் என்ன குப்பை கொட்டினேனோ.

'பி'க்கான மருந்தைப் போட்டு மறுபடி செய்தேன். குழாயும் பழுப்பு, கட்டியும் பழுப்பு.

"இத மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுங்க. ஆனா நல்ல சேதிதான்" என்றார் டாக்டரம்மா. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் துடியலூர் வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொல்லி, போனில் எடுத்துவந்த படங்களைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டறையில் துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது நல்லாப் புடிச்சிருக்குது கண்ணு. மொதல்ல ஏன் புடிக்கல?"

"உங்க குரூப்பத் தப்பா எழுதிப்போட்டனுங்கப்பா. எனக்கும் அதே குரூப்புதான். உங்ககிட்ட இருந்து வந்தது."

அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பக் கெட்டிச் சாயந்தான். போகாது."