பச்சைப் புள்ளித் தெரு

என் தம்பிக்கு வீட்டில் பராக்கு என்று பெயர். சாப்பிட உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தான் என்றால் தட்டில் இருப்பது ஆறிப்போகும், அவன் திரும்ப மாட்டான். இவனுக்கு எந்த வேலை பொருந்தும் என்று அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்த காலம் உண்டு. கடைசியில் அவனுக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு வேலை கிடைத்தது. காற்றைப் பார்க்கிற வேலை.

ஊர் நாலு பக்கமும் வளர்ந்துகொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் சாரம், கிரேன், லாரி. காற்றிலுள்ள தூசியையும் புகையையும் அளக்கும் பெரிய இயந்திரம் ஊருக்கே இரண்டுதான் இருந்தது. அதனால் டிபன் டப்பா அளவில் மலிவான பெட்டிகளை விளக்குக் கம்பங்களில் மாட்டினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் போனில் தெரியும் மேப்பில் ஒரு புள்ளி. நல்ல காற்று என்றால் பச்சை, மோசமென்றால் சிவப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறி, பெட்டிக்குக் காற்றுப் போகும் துளையைத் துடைத்து, 'சுத்தம் செய்தாயிற்று' என்று போனில் பதிவது தம்பியின் வேலை.

"உள்ள ஒரு சின்ன வெளிச்சம் இருக்குக்கா. காத்து அது வழியா போகும்போது எது மினுங்குதோ, அதை எண்ணும். அவ்வளவுதான்" என்பான். சொல்லும்போதே கண் எங்கோ போய்விடும். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

என் மகளுக்கு ஏழு வயது. மூச்சிரைப்பு. பழைய வீடு மேம்பாலம் கட்டுகிற இடத்தை ஒட்டி இருந்ததால் இன்ஹேலர் இல்லாமல் அவள் படியேறியதே இல்லை. வீடு மாற்ற முடிவானதும் நான் தரகரைத் தேடவில்லை, தம்பியின் மேப்பைத்தான் திறந்து வைத்துக்கொண்டேன். அதில் ஒரு தெரு வாரக்கணக்கில் அசையாமல் பச்சையாகவே இருந்தது. அசையாத பச்சையைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"பச்சைன்னா நம்பலாமாடா?" என்று போனில் கேட்டேன்.

"பெட்டி பொய் சொல்லாதுக்கா" என்றான்.

தெருப்பெயரையும் சொன்னேன். அவனுக்குத் தெருக்களைப் பெயரால் தெரியாது, பெட்டி நம்பரால்தான் தெரியும். உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டான்.

குடிவந்த அன்று சாயங்காலம், மேற்கு ஜன்னல் வழியே வெயில் நீளமாக விழுந்தது. சாமான் மூட்டைகளுக்கு நடுவே நானும் மகளும் வெறுந்தரையில் படுத்து, வெயிலில் பொன்னாக மிதந்த துகள்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்பக்கம் எங்கோ கல் அறுக்கும் பட்டறை. அந்தச் சத்தம் வண்டு ரீங்கரிப்பது போல வந்துகொண்டே இருந்தது.

"மாமா பெட்டிக்குள்ளயும் இப்படித்தான் மினுங்குமாம்மா?" என்றாள்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோமோ தெரியாது. அவ்வளவு அழகாக இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

நாலாம் நாளே இரைப்பு வந்துவிட்டது. புது பெயின்ட் என்றேன், தலையணை என்றேன், திரைச்சீலையை இரண்டு முறை துவைத்தேன். போனைத் திறந்தால் புள்ளி பச்சையாகச் சிரித்தது.

அந்தக் கம்பத்துக்கு மறுபடி முறை வந்த நாளில் தம்பி ஏணியோடு வந்தான். மாடியிலிருந்து நான் கூப்பிட்டதும் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ இங்கயாக்கா இருக்க?"

நான் கீழே ஓடிப் போனதும் தலை குனிந்தபடியே சொன்னான். போன முறை ஏறியபோது துளையில் ஒரு குளவி கூடு கட்டிக்கொண்டிருந்ததாம். "ஒவ்வொரு உருண்டையா மண்ணைக் கொண்டுவந்து ஒட்டுச்சு. அரை மணி நேரம் ஏணியிலயே நின்னு பாத்தேன். குஞ்சு வெளிய வரட்டும், ரெண்டு வாரத்துல வந்து துடைச்சிக்கலாம்னு..." சுத்தம் செய்ததாகப் பதிந்துவிட்டு இறங்கியவன், அதோடு மறந்தும் போயிருக்கிறான். அடைபட்ட பெட்டிக்குள் தூசியே போகவில்லை. எண்ண எதுவும் இல்லாமல் அது பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டா, குளவிக்குப் பாவம் பாத்தியே, இவ மூச்சு உனக்கு ஞாபகம் வரலையா?" என்று நடுத்தெருவில் கத்தினேன். அவனை நான் அப்படித் திட்டியதே இல்லை. அவன் ஏணியை எடுத்துக் கம்பத்தில் சாய்த்தான். ஏறினான், கூட்டைச் சுரண்டினான். குளவிகள் எப்போதோ பறந்து போயிருந்தன. ஒரு மணி நேரத்துக்குள் புள்ளி மஞ்சளாகி, சிவந்தது. என் மகள் உள்ளே இன்ஹேலரோடு உட்கார்ந்திருந்தாள்.

எதிர் வீட்டு வாசலில் அப்போதுதான் ஒரு லாரி வந்து நின்றது. இடுப்பில் கைக்குழந்தையோடு இறங்கிய பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்களும் மேப் பாத்துத்தான் வந்தீங்களா?" என்றாள்.

முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்கவே கூசுகிற என் தம்பி, ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தெருவைக் கடந்து அவளிடம் போனான்.

"அக்கா, சாமானை இறக்காதீங்க" என்றான்.