பொழுது போகுதில்ல

எங்கள் ஒழுங்கையில் முதலாவது பிரிட்ஜ் என் வீட்டில்தான் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக் கரையோரத்தில் வீட்டுக்கொருவர் சவூதிக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்த நாட்கள். என் கணவர் சவூதியில் லொறி ஓட்டினார். ஆள் வராத வருடங்களில் பெட்டிகள் வந்தன. முதலில் மேசை விசிறி, பிறகு மின்னழுத்தி, சம்பல் அரைக்கும் மெஷின், கடைசியாக இந்தப் பிரிட்ஜ். நோன்பு மாதத்தில் பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் ஐஸ் கேட்டுப் பாத்திரங்களோடு வாசலில் வரிசை நிற்கும். உம்மாவும் வாப்பாவும் ஆசையாக வைத்த பெயர் போய், 'பிரிட்ஜ் வீட்டு ராத்தா' ஆகிவிட்டேன்.

குறை சொல்ல வாய் கூசும். வீடும் என்னுடையதுதான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டிப் போய்விட்டார்கள். பிள்ளை குட்டி இன்னும் இல்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அதன் பிறகு விசிறி இந்தப் பக்கம் திரும்புவதையும் அந்தப் பக்கம் திரும்புவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் விசிறிக் காற்றில் இருந்துகொண்டு மூச்சு முட்டுகிறது என்றால் யார் நம்புவார்கள்?

கலியாணத்துக்கு முன் இரண்டு வருடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிக் கூட்டித் திணறிய பிள்ளை, ஒருநாள் முழுச் சொல்லையும் வாசித்துவிட்டு, தானே நம்பாமல் என்னை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே எனக்கு விடியும். அப்போது விண்ணப்பித்து நான் மறந்தே போயிருந்த நிரந்தர நியமனம், பிரிட்ஜ் வந்த சில மாதங்களில் தபாலில் வந்தது. உள்ளே காட்டுப் பக்கம், இறக்காமத்தில் ஒரு பள்ளிக்கூடம். இரண்டு மாதத்துக்குள் போய்ப் பொறுப்பேற்க வேண்டும்.

"அது யானை வாற ஊர் புள்ள," என்றார் உம்மா.

யானைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்டேன். வாப்பா சிரிக்கவில்லை.

"மாப்புள்ளையிட்ட நீயே கேளு. அவர் ஓமெண்டா நானே பஸ்ஸில கூட்டிப் போறன்."

கேட்பதென்றால் டேப் ரெக்கோடரில் போடும் கெசட்டில்தான் கேட்க வேண்டும். அவருக்கு எழுத வாசிக்க வராது. கடிதம் போனால் அறையில் இருக்கும் யாராவது உரக்க வாசிப்பார்கள். அதனால் கெசட்டில் பேசிப் பதிந்து, விடுமுறை முடிந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். அவர் கேட்டுவிட்டு, அதே கெசட்டில் தன் கதையைப் பதிந்து திருப்பியனுப்புவார். அதற்கும் ஒரு முறை இருந்தது. வாப்பா ஸலாம் சொல்லித் தொடங்குவார், பிறகு அவருடைய தாயான என் மாமி, பிறகு உம்மா. பெண்சாதி கடைசியில். பேசி முடித்தவர் யாரும் எழும்பிப் போகமாட்டார்கள். அங்கேயும் அறையில் எட்டுப் பேர் சுற்றியிருந்து கேட்பார்களாம்.

அத்தனை காதுகளுக்கு நடுவே, வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டால் என்ன ஆகும்? பெண்சாதிக்குச் சோறு போட ஏலாதவன் என்று அவரைப் பகிடி பண்ணுவார்கள். நியமனக் கதை தெரியாத மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜாடையாகப் பேசினேன்.

"எங்களுக்கு ஒரு குறையுமில்ல மச்சான். ஆனா பகல்ல எனக்குப் பொழுது போகுதில்ல. முந்தி இரிந்த மாதிரி இரிக்க ஆசையா இரிக்கி. யோசிச்சி ஓமெண்டு சொல்லுங்க."

முந்தி என்றால் பள்ளிக்கூடம் என்று அவருக்கு விளங்கிவிடும் என நினைத்தேன். படித்தவளின் கெட்டித்தனம்.

பதில் வரும்போது பொறுப்பேற்க ஐந்து நாள்தான் மீதமிருந்தது. வழக்கம்போல எல்லோரும் ஹோலில் கூடினார்கள்.

"புள்ள, உண்ட கதையக் கேட்டு எனக்கு மனசு சரியில்ல," என்றது அவருடைய குரல். "நீ கேட்டதுக்கு ஓம்."

நான் எழும்பி நின்றுவிட்டேன்.

"கலர் டிவி ஒண்டு எடுத்திட்டன். படம் போட்டுப் பாக்கிற டெக்கும் சேத்து. அடுத்த மாசம் நம்மட ஊராள் ஒத்தர் வாறார், அவரிட்ட அனுப்புறன். இனிப் பொழுது போறதே தெரியா."

மாமி மாஷா அல்லாஹ் என்றார். அவருடைய கதை முடிந்த இடத்தில் 'டக்' என்றொரு சத்தம். அதற்கடுத்து, அழிபடாமல் மிஞ்சியிருந்த என் பழைய குரல் வந்தது: "...பொழுது போகுதில்ல. முந்தி இரிந்த மாதிரி..." ஹோலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பின்வளவுக்குப் போய் வாப்பாவிடம் நின்றேன்.

"ஆசையோட சாமான் அனுப்புற மனிசன்," என்றார். "இப்ப நீ வேலைக்குப் போனா, அவருட முகத்தில அடிச்ச மாதிரி. அவர் ஓமெண்டு சொல்லாம ஏலா புள்ள."

போன் எடுத்திருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். அவர் அந்தப் பாலைவனத்தில் எந்த ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாரோ. கடைசி நாள் காலையில் மின்னழுத்தியைச் சூடாக்கிச் சேலையை அழுத்தி, உடுத்துக்கொண்டு, விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். சந்தியில் பஸ் ஹோன் அடித்துவிட்டுப் போனது. என் கையைக் காலைக் கட்டிப்போட்டவர் ஒருவருமில்லை. யாரைத்தான் ஏசுவது? அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

டிவி வந்தது. ஒழுங்கையே வந்து பார்த்தது. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றினேன்.

அடுத்த வருடம் அவர் விடுமுறையில் வந்தார். வந்த மறுநாள் பகல் டிவியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இப்பப் பொழுது போகுதா?"

அலுமாரியிலிருந்து நியமனக் கடிதத்தை எடுத்துக்கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்தார். வாசித்துக் காட்டினேன்.

"இத ஏன் கெசட்டில சொல்லல்ல?"

"எட்டுப் பேர் கேப்பாங்க எண்டு."

"கேட்டாக் கேக்கட்டும். நான் ஓமெண்டிரிப்பனே புள்ள."

எனக்கு அழுகை வரவில்லை. அவர் மீது கோபப்படவும் முடியவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கடிதத்தை மடியில் விரித்துக்கொண்டு, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக்கொண்டு வந்தார். பொறுப்பேற்க வேண்டிய கடைசித் திகதி வந்த இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இனி ஏலாதா?"

"ஏலா," என்றேன்.