பூசையில் வைத்த நுணுக்குக்காட்டி

எங்கள் மகாவித்தியாலயம் பட்டணத்திலிருந்து நாலைந்து மைல் தள்ளி, வெங்காயத் தோட்டங்களுக்கும் பஸ் பாதைக்கும் நடுவே இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பட்டணத்துக் கல்லூரிகளுக்குப் போய்விடுவார்கள். "நாங்கள் தண்ணி இறைக்கிறம், அவங்கள் வெங்காயம் கிண்டுறாங்கள்" என்று பள்ளிக்கூட அதிபர் பொருமுவார். அறுபதுகளின் நடுவில் அவர் அலையாத இடமெல்லாம் அலைந்து, உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு அனுமதி எடுத்தார். ஆய்வுகூடமும் வந்தது. வகுப்பு நடக்கத் தலைகள் வேண்டுமே! சைக்கிளில் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

எனக்கு டாக்குத்தராக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பட்டணத்துப் பெண்கள் கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. அதிபர் எங்கள் வீட்டுக்கு வந்து என் தகப்பனுக்கு, ஐயாவுக்குச் சொன்னார்: "குமர்ப்பிள்ளையை ஏன் பஸ்ஸிலை அலையவிடுறியள்? அங்கை இருக்கிறதெல்லாம் இஞ்சையும் வந்திட்டுது. பிள்ளையை என்னட்டை விடுங்கோ."

வாத்தியார் படலைக்கு வந்து கேட்டால் இல்லையென்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. ஐயாவுக்கும் வரவில்லை.

அங்கே இருந்ததெல்லாம் வந்தது பொய்யல்ல. கண்ணுக்குத் தெரியாததைப் பெருப்பித்துக் காட்டும் நுணுக்குக்காட்டி உட்பட எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. அதன் திறப்புக்கோர்வை அதிபரின் இடுப்பில் தொங்கியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரியை நான் நேரிலே கண்டவள்.

விலங்கியல் வாத்தியார் பருத்தித்துறைப் பக்கத்து இளந்தாரி. ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஓலைப்பைக்குள் ஒரு சுறாக்குட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். அதை வேப்பமரத்தடி மரவாங்கிலே கிடத்தி, சவர அலகால் வெட்டிப் பழகுவோம். நாய்கள் சுற்றி நின்று எங்களோடு படிக்கும். நான் சைவக்காரி, முதல்நாள் சத்தியெடுத்தேன். போகப்போக, நரம்பை அறுக்காமல் எடுப்பதில் என்னை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா கிணற்றடியிலேயே மறித்துவிடுவா. "உந்த மணத்தோடை அடுப்படிக்குள்ளை கால் வைச்சியோ, தெரியும்!"

சுறாவுக்கு வேப்பமரத்தடி போதும். நுணுக்குக்காட்டிக்கு என்ன செய்வது? வாத்தியார் கேட்டுக் கேட்டுக் களைத்தார்.

"சேர், ஒரு கிழமைக்கெண்டாலும் திறந்துவிடுங்கோ. பிள்ளையள் கண்ணை வைச்சுப் பழகவேணும்."

"தம்பி, உது உடைஞ்சால் ஆர் பதில் சொல்லுறது? நீர் மாற்றம் எடுத்துக்கொண்டு போயிடுவீர். என்ரை பென்சனிலைதான் கை வைப்பாங்கள்."

விஜயதசமிக்கு மட்டும் அலுமாரி திறபடும். சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, நுணுக்குக்காட்டியை நடுவில் வைத்து, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் பூசுவார்கள். நாங்கள் வரிசையாக நின்று கும்பிட்டோம். வாத்தியார் பொறுக்கமாட்டாமல், "இண்டைக்குத் தொடங்கினால்தானே சேர் வித்தை வரும்? ஒருக்கால் பாக்கட்டுமன்" என்றார்.

"பூசையிலை வைச்சதைக் கண்டபாட்டுக்கு அளையிறதே? பயபக்தி எண்டு ஒண்டு இல்லையோ உமக்கு?"

பின்வரிசைப் பெடியன் ஒருவன் முணுமுணுத்தான்: "சரஸ்வதியும் இன்னும் உள்ளுக்குப் பாக்கேல்லைப் போலை."

கடைசியில் வாத்தியார் கரும்பலகையில் பெரிய பெரிய வட்டங்கள் போட்டு, உள்ளே தெரிய வேண்டியதை வர்ணச் சோக்கால் கீறிக் காட்டினார். நாங்கள் தேவாரம் போலப் பாடமாக்கினோம்.

செய்முறைச் சோதினை பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் நடந்தது. சுறாவை நான் வெட்டி விரித்ததைப் பரீட்சகர் நின்று பார்த்துத் தலையாட்டினார். அடுத்தது நுணுக்குக்காட்டி. உள்ளே வைத்திருப்பது என்னவென்று பார்த்துக் கீறவேண்டும். கண்ணை வைத்தேன். ஒரே இருட்டு. இன்னும் அழுத்தி வைத்தேன். என் கண்மடல் மயிர்தான் ஈர்க்கு ஈர்க்காகத் தெரிந்தது. பக்கத்துப் பெண் அடியில் இருந்த சின்னக் கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பினாள். நானும் திருப்பினேன். வெளிச்சம் வந்து கண்ணைக் குத்தியது, வேறொன்றும் வரவில்லை. எந்தத் திருகைத் திருகுவது, எந்தப் பக்கம் திருகுவது?

பரீட்சகர் கிட்ட வந்தார். "என்ன பிள்ளை, முந்தி உதைக் கண்டதில்லையோ?"

"கண்டிருக்கிறன் சேர்."

"எங்கை?"

"பூசையிலை."

"பகிடி விடுற இடமோ இது?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்பால் போய்விட்டார்.

மணி அடிக்கமுன் கரும்பலகை வட்டங்களில் ஒன்றை ஞாபகத்திலிருந்து கீறினேன். நான் கீறியது தவளையின் இரத்தம். வைத்திருந்தது மண்புழுவின் குறுக்குவெட்டாம், வெளியே வந்தபிறகு அந்தப் பெண் சொன்னாள்.

விலங்கியல் போனது, அதோடு டாக்குத்தர் படிப்பும் போனது. எங்கள் வகுப்பில் ஒருவரும் பல்கலைக்கழகம் போகவில்லை என்றதும் அடுத்த வருடம் பிள்ளைகள் சேரவில்லை, வகுப்பை மூடினார்கள். பட்டணத்துக் கல்லூரி இரண்டாந்தரம் எழுதுகிறவர்களை எடுக்காது என்றது. ஐயா தலையெழுத்து என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் ஊர் வாசிகசாலையில், நானாகப் படித்தது.

அதிபர் இளைப்பாறியபோது பெரிய பிரியாவிடை. ஊரே வந்தது. பேசியவர்களில் ஒருவர், "அதிபரின்ரை காலத்திலை ஆய்வுகூடத்திலை ஒரு கண்ணாடிக்குழாய்கூட உடையேல்லை!" என்றார். கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. என் ஐயாவும் தட்டினார்.

மாலையோடு இறங்கி வந்த அதிபர் என்னைக் கண்டுகொண்டார்.

"பிள்ளை இப்ப என்ன செய்யிறாய்?"

"வீட்டிலைதான் சேர்."

"நல்லது, நல்லது. எங்கடை பிள்ளையள் எங்கடை ஊரிலையே இருக்கவேணும் எண்டுதானே நானும் பாடுபட்டனான்."

குத்திக் காட்டவில்லை, மனமார அன்போடுதான் சொன்னார்.

"வடை சாப்பிட்டனியோ?" என்றார்.

"ஓம் சேர்."