ஆறு மணிக்கு முன் ஒரு தமிழ்ப் பாட்டு

துஷ்யந்தி வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் நிற்கிறாள். வேலை செய்கிறாள் என்றும் சொல்லலாம், ஆனால் நிற்பதுதான் அங்கே பெரிய வேலை. கடை காலியாகக் கிடந்தாலும் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். அந்தச் சட்டத்தைத் திட்டி அவளே ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறாள். பாதி ராப், பாதி ஒப்பாரி.

ரேடியோ சீண்டாத, எந்தக் கம்பனியும் காசு போடாத பாட்டுக் கூட்டம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. அவளும் அதில் ஒருத்தி. கிடைத்த இடத்தில் ஸ்பீக்கரை வைத்து வாசிப்பார்கள். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் எல்லாம் ஒன்றுதான் என்று வாய் கிழியப் பேசுவார்கள். பேசிவிட்டுத் தமிழ்ப் பாட்டை எப்போதும் முதலில் மேடையேற்றுவார்கள். அப்போது வந்திருப்பது சவுண்ட்காரரும் அடுத்த பேண்ட் பையன்களும் மட்டுமே. ஒரு வரியும் விளங்காமல் "சூப்பர் நங்கி" என்று சிங்களத்தில் தங்கச்சி கொண்டாடுவார்கள். அந்த சூப்பரைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

கடையில் கூட நிற்கும் பஸீஹாவும் ஜீவராணியும் அந்தப் பாட்டை ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அவர்கள் கதைதானே அது! நிகழ்ச்சி எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். அவள் அரைநாள் சம்பளத்தை விட்டு வந்துவிடுவாள், அவர்களுக்குக் கடை நாலு மணிக்குத்தான் பூட்டும். அதனால் இந்த முறை கடைசி இடம் தனக்கே வேண்டும் என்று ஹரிசனிடம் ஒற்றைக்காலில் நின்றாள். நிகழ்ச்சிகளை நடத்துகிறவன் அவன்தான். தமிழன், ஆனால் இங்கிலீஷில் மட்டும் பாடுவான். "ஓகே, நீதான் ஹெட்லைன்" என்று வள்ளல்போல் கொடுத்துவிட்டான்.

கொட்டாஞ்சேனையில் தன் தெருவிலிருந்த டியூஷன் மண்டபத்தைப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் கோயில். ஆறு மணிப் பூசைக்கு முன் எல்லாச் சத்தமும் நிற்க வேண்டும் என்று சொந்தக்காரர் இரத்தினசிங்கம் சொன்னார். "அது என்ர பொறுப்பு ஐயா" என்று வாக்குக் கொடுத்தாள். ஆறு மணிக்கு மூடும் மண்டபத்தில் கடைசி இடத்தைச் சண்டை போட்டு வாங்கிய மடத்தனத்தை என்னவென்று சொல்வது! சொன்ன நேரத்துக்குத் தொடங்கும் பேண்ட் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாதா?

மூன்று மணி என்றது நாலேகாலுக்குத் தொடங்கியது. ஒருவனிடம் வயர் இல்லை, இன்னொருவனின் டிரம்ஸ்காரன் கிராண்ட்பாஸில் டிராஃபிக்கில் நின்றான். பஸீஹாவும் ஜீவராணியும் வந்து, விளங்காத பாட்டுக்கெல்லாம் மரியாதைக்குக் கை தட்டினார்கள். ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது ஹரிசன் இறங்குவான் என்று பார்த்தால், "ஒன் மோர்" என்றான். பிறகு இன்னுமொன்று. அவள் கையை ஆட்டி ஆட்டி மணியைக் காட்டினாள். அவன் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தான்.

அவள் மைக்கைப் பிடித்ததும் கோயில் மணி அடித்தது. வாசலில் இரத்தினசிங்கம்.

"பிள்ளை, நீ சொன்னனீ."

சுவிட்சை அவளே அணைத்தாள்.

"சொரி, நெக்ஸ்ட் டைம் உன்னை ஃபர்ஸ்டா போடுறன். அப்ப பிரச்சினையில்லைத்தானே?" என்றான் ஹரிசன்.

"உன்ர நெக்ஸ்ட் டைமை நீயே வச்சுக்கொள்! என்ர ஆக்கள் இண்டைக்குத்தான் வந்தவை."

மைக்கை அவன் கையில் திணித்துவிட்டு, வந்த இருவரையும் பஸ் ஏற்றிவிட நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் பஸீஹா விடவில்லை. "எங்கட பாட்டெண்டு செல்லித்தானே வரச் சொன்னீங்க? இங்கேயே பாடுங்களே."

துஷ்யந்தி கையால் தாளம் தட்டிக்கொண்டு தொடங்கினாள்.

"கதிரை கிடக்குது மூலையிலே, காலுக்கு மட்டும் லீவில்லையே…"

ஜீவராணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. குனிந்து தன் காலைப் பார்த்தாள். இத்தனை வருடமாக எந்த மேடையிலும் கிடைக்காத முகம் அது. துஷ்யந்தி அடுத்த அடியை எடுக்கப்போன நேரம் பஸ் வந்தது, பாதி காலியாக.

"சீட் இரிக்கி! ஓடி வாங்க!" என்று பஸீஹா பாய்ந்தாள். ஜீவராணி அவளையும் முந்திக்கொண்டாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் இருவரும் அவளுக்குக் கை காட்டினார்கள். அவர்களிடம் கோபப்பட அவளால் முடியவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.