நூல் கடிக்கிற பல்

டேப்பக்காவின் பல் உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. யாரோ ஒரு வங்கிக் காவலாளியின் கால்சட்டை இடுப்பைப் பிடித்துத் தைத்து முடித்துவிட்டு, மிச்ச நூலை வழக்கம்போல முன்பல்லுக்குக் கொடுத்து ஒரு கடி கடித்தாள். 'டிக்' என்றது. குண்டூசிதான் வாய்க்குள் போய்விட்டது என்று நினைத்து உள்ளங்கையில் துப்பினாள். அரை அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு. நூல் அறுபடவே இல்லை, அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டு, துணி போட்டுப் பார்க்கிற திரைக்குப் பின்னால் போய்க் கண்ணாடியில் பல்லைக் காட்டினாள். மேல்வரிசையில் நடுப்பல் ஒன்றின் முனை சாய்வாகப் போயிருந்தது. அது போனால் போகிறது. பக்கத்துப் பல்லைப் பார்த்தபோதுதான் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கினாள். துவைத்துத் துவைத்து நைந்த காலர் மாதிரி அதன் விளிம்பும் மெலிந்து, வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது.

"என்ன அண்ணி, அவ்வளவு நேரம் கண்ணாடியில? போட்டோவா எடுக்கப் போறீங்க?" என்று இஸ்திரி மேசையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள்.

டேப்பக்காவின் நினைப்பெல்லாம் அம்மாவிடம் போய்விட்டிருந்தது. அவளுடைய அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் எல்லாப் பற்களையும் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகு உயிரோடு இருந்த இருபது வருஷமும் அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினாள். சிரிப்பு வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். சமையலறை ஜன்னலில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் அந்தக் கட்டுப்பல் கிடப்பதைச் சின்ன வயதில் தினமும் பார்த்தவள் டேப்பக்கா. இப்போது அவளுக்கு நாற்பத்துநான்கு.

ஒரு செல்போன் கடைக்கு மேலே, முதல் மாடியில், இருபத்திரண்டு படி ஏறினால் அவள் கடை. புதுத்துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும்தான். பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் வருகிறவர்களுக்கெல்லாம் அவள் டேப்பக்கா. அந்தத் தெருவில் யார் ஊதுகிறார்கள், யார் வற்றுகிறார்கள் என்பது அவரவர் டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் மட்டும் வருஷா வருஷம் தன் ஜாக்கெட்டைத் தானே பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றுநாலு கிலோ. இருபத்திரண்டு படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். கூடவே சர்க்கரை, கூடவே முட்டிவலி.

போன வருஷம் திடீரென்று பிடித்துத் தைக்கக் கொடுக்கிறவர்கள் அதிகமானார்கள். ஒரு பள்ளிக்கூட டீச்சர் மூன்று மாதத்தில் இரண்டு தடவை அதே உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திரைக்குப் பின்னால் இடுப்பில் குண்டூசி குத்திக்கொண்டிருக்கும்போது, இளைப்பதற்காக வாரத்துக்கு ஒரு ஊசி போடுவதாக டீச்சரே காதோடு சொன்னாள். அடுத்த வாரம் டேப்பக்கா தன் சுகர் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு அந்த ஊசியையே எழுதிக் கொடுத்தார். "வாந்தி ரொம்ப வந்தாலோ, வாய் வறண்டாலோ உடனே வந்து சொல்லுங்க, அளவைக் குறைச்சுப் பார்க்கலாம்" என்றும் சொன்னார்.

அவள் காதில் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தைகள் மட்டும்தான். ஏழு மாதத்தில் பதினேழு கிலோ போயிற்று. படியை ஒரே மூச்சில் ஏறினாள். இந்த நிலைமையில் போய் அளவைக் குறைக்கச் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

ஆகவே வாந்தியை அவளே பார்த்துக்கொண்டாள். ஊசி போட்ட மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் காலையில் கடையின் பின்பக்கக் கழிவறையில் ஓசைப்படாமல் வாந்தி எடுப்பாள். சுத்தம் பார்க்கிறவள் அல்லவா, எடுத்த கையோடு பிரஷ்ஷை எடுத்து நுரை பொங்க அழுத்தித் தேய்ப்பாள். நாக்கு காய்ந்த அட்டை மாதிரி கிடக்கும். ஊக்கு, குண்டூசியெல்லாம் உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவள் அவள். இப்போது குண்டூசி உதட்டில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோலையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அதற்கு மருந்தாக எலுமிச்சை மிட்டாய் வாங்கி, காலை முதல் மாலை வரை கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். எச்சிலும் ஊறியது, குமட்டலும் அடங்கியது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். வாய்க்குள் நடந்துகொண்டிருந்ததை யார் கண்டார்கள்?

இது ஒருவருக்கும் தெரியாது. முக்கியமாக நாத்தனாருக்குத் தெரியாது. கெட்டவள் இல்லை அவள். ஆனால் காலையில் அவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் குடும்பம் முழுக்கச் சுற்றி வந்துவிடும். ஊசி போட்டு இளைத்தவள் என்ற பெயரை டேப்பக்கா விரும்பவில்லை. எப்படி இளைத்தீர்கள் என்று நாத்தனார் துளைத்தெடுத்தபோது, "வாக்கிங்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த அப்பாவி தினமும் விடியற்காலையில் எழுந்து பூங்காவைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். ஆறு மாதமாகச் சுற்றுகிறாள், இடுப்பு ஒரு நூல்கூட அசையவில்லை. "உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணி?" என்று கேட்கும்போதெல்லாம் டேப்பக்கா மெஷினை வேகமாக ஓட்டுவாள்.

உடைந்த பல்லை எத்தனை நேரம் மறைப்பது? மதியம் சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் கண்டுபிடித்துவிட்டாள். "ஐயோ அண்ணி, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பல் மருத்துவமனைக்குப் போனாள். வரவேற்பில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். 'வேறு ஏதேனும் மருந்து எடுக்கிறீர்களா' என்று அதில் ஒரு கேள்வி. நாத்தனார் தன் தாடை அவள் தோள்மேல் படுகிற தூரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பக்கா 'இல்லை' என்று எழுதினாள்.

பல் டாக்டர் ஒரு இளம்பெண். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டதும், "நூலைப் பல்லால கடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

டேப்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

"விளிம்புல சின்னதா ஒரு வெட்டு இருக்கு. தைக்கிறவங்க பல்லுல பார்த்திருக்கேன்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் திருப்பி மேல்பற்களின் உட்பக்கம் பார்த்தாள். அங்கேதான் அவள் பேச்சு நின்றது. ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள், திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். வைத்தியம் செய்கிறவர்கள் பேசாமல் இருந்தால் எவ்வளவு பயமாக இருக்கும் என்பது நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர்களுக்குத்தான் தெரியும்.

"நூல் மட்டும் இதைப் பண்ணலம்மா. பல்லோட உள்பக்கம் கரைஞ்சிருக்கு. அடிக்கடி வாந்தி வருமா?"

"இல்ல."

"நெஞ்செரிச்சல்? புளிச்ச ஏப்பம்?"

"இல்ல டாக்டர்."

"ஏதாவது மருந்து?"

மூலையில் நாத்தனார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். "இல்ல" என்றாள் டேப்பக்கா மூன்றாவது முறையாக.

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "காரணம் தெரியாம மேல பூசினா அதுவும் உதிர்ந்துடும். இப்போதைக்கு முனை குத்தாம மழுக்கிவிடறேன். வெள்ளிக்கிழமை வாங்க. அதுக்குள்ள யோசிச்சுப் பாருங்க. இது இப்படியே போனா முன்வரிசை முழுக்கத் தாங்காது."

முன்வரிசை முழுக்க. அந்த இரண்டு வார்த்தை அவளைப் பிடித்து ஆட்டியது. புதன்கிழமை முழுவதும் அவள் நாக்கு சும்மா இருக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று பற்களைத் தடவி எண்ணிக்கொண்டே இருந்தது. எண்ணி முடித்து ஏதோ ஆடுகிற மாதிரி தோன்றும், மறுபடி முதலிலிருந்து எண்ணும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசி உச்சந்தலைக்கு ஏறியது. குறி இட்ட பக்கம் தைக்காமல் மறுபக்கம் தைத்து, ஒரு பாவாடையை இரண்டு தடவை பிரித்தாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் கை தானாக வாய்க்குப் போயிற்று. அப்படிப் போனதைக் கண்ணாடியில் பார்த்தபோது, அங்கே அம்மா நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது. அவள் பயந்துபோய்க் கையைக் கீழே இறக்கினாள்.

வியாழக்கிழமை ஊசி நாள். வீட்டுப் பிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால், காலி நூல்கண்டுப் பெட்டிக்குள் அது இருந்தது. வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறெதையும் தேடாதவர், அதனால் பத்திரமாகவே இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். போட்டால் பல் போகும். போடாவிட்டால் பதினேழு கிலோவும் வட்டியோடு திரும்பி வரும், முட்டிவலி வரும், சர்க்கரை ஏறும், படியில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க ஊசியோடு பிழைத்தவள், ஒரு சுண்டுவிரல் நீள ஊசியின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்து அழுதாள். பிறகு போடாமலேயே எடுத்து உள்ளே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை தனியாகப் போய்விடலாம் என்று பார்த்தாள். நாத்தனார் விடவில்லை. "நீங்க பயந்துக்கிட்டு பாதி வழியில திரும்பிடுவீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

டாக்டர் நாற்காலியைச் சாய்க்கவில்லை. நேரே உட்கார வைத்து, "யோசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

டேப்பக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் இவளைப் பார்த்தாள். பெயர் போனால் போகட்டும், பல் போனால் வராது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்துக்குள் சொல்லிவிட்டாள். ஊசி, வாந்தி, வாந்தி எடுத்ததும் பல் தேய்ப்பது, எலுமிச்சை மிட்டாய், எல்லாம் பிரித்துவிட்ட தையல் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாகச் சொன்னாள். வாந்தியில் வருகிற அமிலம் பல்லின் மேல்பூச்சை இளக்கிவிடும். அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் இளகினதைத் தேய்த்து எடுத்தாற்போல ஆகும். முதலில் வெறும் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், அரைமணி நேரமாவது கழித்துத்தான் பிரஷ்ஷைத் தொட வேண்டும். வாய் காய்ந்தால் பல்லைக் காக்க எச்சில் இல்லை, அந்த நேரம் பார்த்துப் புளிப்பு மிட்டாயும் சேர்ந்தது. இத்தனையும் மெலிய வைத்த பல்லை நூல் வந்து உடைத்தது.

"நான் நல்லதுன்னுதானே பண்ணினேன்" என்றாள் டேப்பக்கா. "எல்லாம் விழுந்துடுமா டாக்டர்?"

"கரைஞ்சது திரும்ப வளராதும்மா. அதை நான் பொய் சொல்ல மாட்டேன். இருக்கறதைக் காப்பாத்தலாம், அதுக்கு முயற்சி பண்ணலாம். ஊசியை நீங்களா நிறுத்தவும் வேண்டாம், நீங்களா போடவும் வேண்டாம். இன்னைக்கே சுகர் டாக்டர்கிட்ட போய் வாந்தியைச் சொல்லுங்க. அவர் அளவைப் பார்க்கட்டும், நான் பல்லைப் பார்க்கறேன். எங்க ரெண்டு பேருக்கும் தெரியாம நீங்க தனியா வைத்தியம் பார்க்காதீங்க."

பிறகு உடைந்த முனையைப் பூசிச் சரிசெய்தாள். இனி நூல் கடிக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

வெளியே வந்து, மூலையில் திரும்பும்போது நாத்தனார் நின்றாள். "ஆறு மாசம் அண்ணி. அந்தப் பூங்காவுல இருக்கற நாய்ங்களுக்கெல்லாம் என்னைத் தெரியும்."

"தப்புதான். மன்னிச்சுக்க" என்றாள் டேப்பக்கா.

"அந்த நாய்ங்ககிட்ட சொல்லுங்க" என்று நாத்தனார் நடக்க ஆரம்பித்தாள். ஆனால் சுகர் டாக்டர் வீதிக்கு வழிகாட்டிக்கொண்டு அவள்தான் முன்னால் போனாள். அவர் அளவைக் குறைத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

மறுநாள் கடையில் டேப்பக்கா ஒரு சட்டைக்குக் கைமடிப்பு தைத்து முடித்தாள். முப்பது வருஷப் பழக்கம், கை நூலைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. உதட்டில் நூல் பட்டதும் அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, கத்தரியால் நூலை வெட்டினாள். அதோடு போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

"அண்ணி."

"என்ன?"

"கோவிச்சுக்கக் கூடாது. அந்த ஊசி எனக்கும் கிடைக்குமா?"

இவ்வளவையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் கேட்கிற கேள்வியா இது என்று டேப்பக்காவுக்கு ஆத்திரம் வந்தது. மறுகணமே, தானும் அந்த டீச்சரிடம் இப்படித்தான் ஆசையாகக் காது கொடுத்தோம் என்பது ஞாபகம் வந்தது. டீச்சரின் வாய் எப்படி இருந்தது என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. மெஷின் விளக்கைத் திருப்பித் தன் முகத்துக்கு நேரே வைத்தாள். மூன்று நாளாக வாயைப் பொத்திக்கொண்டிருந்த கையை மடியில் போட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயை அகலத் திறந்தாள்.

"உள்பக்கம் பாரு" என்றாள், திறந்த வாயோடு.

நாத்தனார் குனிந்தாள். விளக்கு சுட்டது. அவள் வெகுநேரம் பார்த்தாள், கேலி எதுவும் சொல்லவில்லை. நிமிர்ந்தபோது அவள் நாக்கும் தன் பற்களைத் தடவிக்கொண்டிருப்பது கன்னத்தின் அசைவில் தெரிந்தது.

"இதை எந்த டாக்டர்கிட்ட கேக்கணும்? சுகர் டாக்டரா, பல் டாக்டரா?"

"ரெண்டு பேர்கிட்டயும்" என்றாள் டேப்பக்கா, வாயை மூடாமலே. "முதல் ஊசிக்கு முன்னாடி. நானும் கூட வர்றேன்."