வாட்ச்மேன் கொண்டுபோன காலிப் பெட்டி

பஞ்சு குடோன் வாட்ச்மேனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மூட்டை தூக்குகிறவர்கள் வெயிலுக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார்கள் இல்லையா, ஒவ்வொருத்தரையும் வாசலில் நிறுத்துவார். சாக்கைத் தூக்கி முகத்தைக் காட்டினால்தான் உள்ளே விடுவார். தினம் பார்க்கிற முகம்தான். கூடப்பிறந்த தம்பி வந்தாலும் அதே கதைதான். "அண்ணே, நான்தாண்ணே!" என்றால், "குரலை யார் வேணாலும் மாத்திப் பேசலாம், மூஞ்சியைக் காட்டு" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரே மகளைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்தார் பாருங்கள். உலகமே டிவியில் பார்க்கிற பெரிய ஃபுட்பால் ஸ்டேடியத்தில் மாப்பிள்ளைக்கு வேலை என்றார்கள். என்ன வேலை என்று கேட்டால் மட்டும் பதில் வழுக்கும். "கூட்டத்தைப் பாத்துக்கிற வேலை மாமா" என்று போனிலேயே நழுவிவிடுவார்.

மகளைப் பார்க்கப் போனபோது இரண்டு பெட்டி எடுத்துப்போனார். ஒன்று காலி. மாப்பிள்ளை சொன்னது பொய் என்று தெரிந்தால், மகளுடைய துணிமணியை அதில் அடைத்துக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவு. இதை யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன இடத்திலும் கண்கொத்திப் பாம்பாகத்தான் இருந்தார். வெளியே குளிர் நடுக்கி எடுக்கிறது. மாப்பிள்ளையோ வேலை முடிந்து வரும்போது குளித்தெழுந்தவர் மாதிரி தலை நனைந்து வருகிறார். வாசலில் நிற்கிறவனுக்கு எப்படி வேர்க்கும்? "ஸ்டேடியத்தைக் காட்டுங்க மாப்பிள்ளை" என்றால் இன்றைக்குப் பூட்டு, நாளைக்கு மழை. ஒருநாள் மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு, "நானே வழி கேட்டுப் போய்க்கிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

அன்றைக்கு ஆட்டம் இல்லை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு நின்றார்கள். ஒரு ஊரையே உட்காரவைத்தாலும் மிச்சம் இருக்கும், அத்தனை நாற்காலி. எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்க, இவர் கம்பிக்கு இடையே கையை விட்டு ஒரு புல்லைப் பிடுங்கி மோந்து பார்த்தார். இவ்வளவு பச்சை நிஜமாக இருக்காது என்று சந்தேகம். நிஜம்தான். பிறகு வாசல் வாசலாகப் பார்த்தார்.

"கூட்டத்தைப் பாத்துக்கிறவர் எங்கம்மா?"

"இங்கதான் எங்கயாவது இருப்பாருப்பா." மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் டீம் பனியன் போட்ட ஆளுயரக் கரடி ஒன்று ஆடிக்கொண்டே வந்தது. பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். இவரைக் கண்டதும் கரடி ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சட்டென்று திரும்பி நடந்தது. இவருக்கு அது போதாதா?

"ஏய், நில்லு!" ஓடிப்போய்க் கரடியின் காதைப் பிடித்தார். "தலையைத் தூக்கு. மூஞ்சியைக் காட்டு!"

கரடி திமிறியது. காது பாதி கிழிந்தது. உள்ளேயிருந்து கெஞ்சலாக ஒரு குரல் வந்தது: "மாமா, மாமா, கழட்டச் சொல்லாதீங்க. இந்தப் பிள்ளைங்க நிஜக் கரடின்னு நம்பிட்டு இருக்குதுங்க."

வாட்ச்மேன் குனிந்து பார்த்தார். கரடியின் காலைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பொடிசு உதட்டைப் பிதுக்கி இவரையே பார்த்தது. முகத்தைப் பார்க்காமல் ஒருத்தரையும் விட்டதில்லை அவர். கை தானாகத் தளர்ந்தது. ஸ்டேடியத்துக் காவல்காரன் பதறி ஓடி வந்தான். அவனுக்குப் புரியுமா புரியாதா என்று யோசிக்காமல், "தெரிஞ்சவருதான், விடுப்பா" என்றார்.

மகளிடம் வந்து உட்கார்ந்தார். "உனக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"சந்தேகப்படுவீங்கன்னுதான்."

"சொல்லாமலே சந்தேகப்பட்டேனே!"

"சொல்லாததுனாலதாம்பா."

"சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், போ."

சாயங்காலம் மாப்பிள்ளை கரடித் தலையைக் குப்பைப் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். காலைக்குள் காதைத் தைத்தாக வேண்டும். மகள் ஊசியில் நூல் கோத்தாள். இவர் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள காத்து வருமா?"

"வாய் வழியா வரும் மாமா."

அதையும் நம்பவில்லை. தைத்து முடித்ததும் தலையை வாங்கி மாட்டிக்கொண்டு நின்றார். கழற்றியபோது அவர் முடியெல்லாம் ஈரம். துண்டால் துடைத்துக்கொண்டார்.

உள்ளே போய்க் காலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். "இதைப் போய்க் குப்பைப் பையிலயா தூக்கிட்டுப் போவீங்க?" கரடித் தலை அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"பெட்டியைச் சும்மாவா மாமா கொண்டுவந்தீங்க?"

"ஏதாவது ஒரு தேவைக்கு ஆகுமேன்னுதான்."

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பூட்டி, பூட்டு விழுந்ததா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.