தோர்கில்ஸின் தொட்டியைக் கழுவியவன்

கீர்முண்ட் இப்போதெல்லாம் கூட்டுறவுக் கடைக்குப் போனால் சலவைத்தூள் அடுக்கியிருக்கும் பக்கம் திரும்புவதே இல்லை. ரொட்டி, காப்பி, மீன் என்று வேண்டியதை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே வந்துவிடுகிறான். வோஸ் மலைச்சரிவில் எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாதது போல் இருந்துவிடுகிறோம். ஏனென்றால் ஒரு காலத்தில் அந்த அலமாரிக்கு முன்னால்தான் அவன் ராஜாவாக நின்றான்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சுவார்கள். கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சுவார்கள், கல்யாணத்துக்குக் காய்ச்சுவார்கள், சாவுக்கும் காய்ச்சுவார்கள். காய்ச்சுவதில் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. பாத்திரத்தைக் கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கழுவுவதில் கீர்முண்டை மிஞ்ச ஆள் கிடையாது. மனிதன் கஞ்சன் வேறு. குறைந்த காசில் நன்றாகக் கழுவுவது எப்படி என்று கேட்டு அவனுக்குத் தொலைபேசி வந்துகொண்டே இருக்கும்.

“கீர்முண்ட், பீர் சாமான் கடையில நீல டப்பா ஒண்ணு விக்கிறானே, வாங்கலாமா?” என்று பக்கத்துப் பண்ணை ஷூர் கேட்பான்.

“உனக்குப் பணம் கொழுத்துப் போச்சா? டப்பாவைத் திருப்பி உள்ள என்ன இருக்குன்னு படிச்சுப் பாரு. கூட்டுறவுக் கடையில அடித்தட்டுல கிடக்குதே, துணிக்கறை எடுக்கிற தூளு, அதேதான் இது. வாசனை போட்டதை மட்டும் எடுத்துராதே. அப்புறம் உன் பீரு லாவெண்டர் மணக்கும், உன் மாமியாருக்குத்தான் ஊத்தணும்.”

எஃகுப் பாத்திரத்துக்குச் சலவை சோடா. வெள்ளையாகப் படிந்த கறைக்கு, பால் கறக்கும் இயந்திரத்தைக் கழுவுகிற அமிலம் ஒரு மூடி. பாத்திரம் தேய்க்கிற சோப்பு கூடவே கூடாது, பீரில் நுரை நிற்காது. மரத்தொட்டி என்றால் ஜூனிப்பர் என்ற காட்டுப் புதரின் கிளைகளைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், அதைத் தவிர வேறு எதுவும் ஆகாது. “மரத்துல பிளீச்சிங் ஊத்துறவனை ஊரை விட்டே தள்ளி வைக்கணும்யா. அந்த வாடையை மரம் குடிச்சுக்கும், பீருக்குக் கொடுக்கும்” என்று ஷூர் வீட்டு மேசையைத் தட்டி அவனே சொல்லியிருக்கிறான்.

இவ்வளவு தெரிந்தவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்கு அகப்பட்டவன் சரிவில் கீழ்வீட்டுக்காரன் தோர்கில்ஸ். சாது. தொட்டியை ஜூனிப்பர் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைப்பான், அதோடு சரி. யார் வீட்டில் பீர் பதம் வந்து, ருசி பார்க்க அக்கம்பக்கம் கூடினாலும், கீர்முண்ட் ஆரம்பித்துவிடுவான்.

“தோர்கில்ஸ், இந்தத் தடவை தொட்டியைக் கழுவிட்டு மாட்டைக் கழுவினியா, மாட்டைக் கழுவிட்டுத் தொட்டியைக் கழுவினியா?”

கூட்டம் சிரிக்கும். தோர்கில்ஸும் சேர்ந்து சிரிப்பான். அவன் மனைவி ஹெர்போர்க் மட்டும் தட்டை ரொட்டியை மடித்து மடித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருப்பாள், நிமிர்ந்து பார்க்கமாட்டாள். கீர்முண்டின் மனைவி சிக்னே மேசைக்கு அடியில் புருஷன் காலை மிதிப்பாள். அவனுக்கு உறைக்காது.

இந்தக் கிண்டலால் ஒரு காரியம் நடந்தது. எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டிலும், பீரைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டை அடுத்த தடவைக்கென்று ஜாடியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். அது அந்த வீட்டின் ஈஸ்ட். யாருடையதாவது கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். கொடுப்பவருக்கு அது கௌரவம். தோர்கில்ஸ் வீட்டுக் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை.

ஒரு இலையுதிர் காலத்தில் தோர்கில்ஸ் செத்துப்போனான். கோடையிலிருந்தே பெர்கன் நகரத்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவன், கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே போனான். சாவு வீட்டுக்காரர்கள் பீர் காய்ச்சக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரன்தான் காய்ச்சித் தரவேண்டும். ஹெர்போர்க் மேலே ஏறி வந்தாள்.

“அவன் தொட்டியிலயே காய்ச்சு, கீர்முண்ட். ஈஸ்ட்டும் அவனோடதையே போடு,” என்று ஒரு ஜாடியை நீட்டினாள். “நீ செஞ்சா சுத்தமா இருக்கும். ஒரு பய ஒரு சொல்லு சொல்லமாட்டான்.”

அவள் அதை எவ்வளவு ஆசையாகச் சொன்னாள் என்பது அவனுக்குப் பிறகுதான் புரிந்தது. செத்தபிறகாவது தன் புருஷன் பீரை ஊர் மெச்சவேண்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் கேட்டாள்.

தொட்டி மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்து உள்ளே கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது. முறையாகச் செய்வதென்றால் காட்டுக்குப் போய் ஜூனிப்பர் வெட்டி வந்து, கொதிக்க வைத்து ஊற்றி, ஆறவிட்டு, தேய்த்து, மறுபடி ஊற்றி என்று பகல் முழுக்க ஓடும். அடக்கமோ நெருங்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் சாக்கு. உண்மையில் அவன் தொட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டே, “இவன் வீட்டு அழுக்குக்குச் செடியெல்லாம் பத்தாது,” என்று முணுமுணுத்தான். கழிப்பறைக்கு வாங்கி வைத்திருந்த மலிவு பிளீச்சிங் தண்ணீர் பாதி பாட்டில் கிடந்தது. ஊற்றினான். பூசணம் கண்ணெதிரே வெளுத்தது. நிறைய தண்ணீர் விட்டு அலசினால் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்தவன் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பான்.

ஈஸ்ட் பாவம், அந்தத் தொட்டியிலும் பொங்கிப் பொங்கி வேலை செய்தது. பீர் இறங்கியதும் கீர்முண்ட் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். தொண்டையில் இறங்கியபிறகு காயத்துக்குப் போடும் மருந்தின் நெடி மூக்கு வழியாக ஏறியது. வேறு பீர் காய்ச்ச நேரமில்லை. ஷூரிடம் போய்ச் சொல்லி அவன் கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்ததைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்பான். குளிர்ந்தால் வாடை அடங்கிவிடும் என்று பீரைக் கொண்டுபோய்ப் பாதாள அறையில் வைத்தான்.

அடங்கவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் ஹெர்போர்க் வீட்டுக்கு வந்தார்கள். உப்பிட்ட ஆட்டிறைச்சியும் தட்டை ரொட்டியும் மேசையில் இருந்தன. முதல் மரக்கிண்ணம் வழக்கப்படி மனைவிக்கு. ஹெர்போர்க் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். கிண்ணத்தை இறக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆஸ்பத்திரி வாசனை வருது,” என்றாள். “அவன் படுத்திருந்தானே அந்த ரூமு. அதே வாசனை.”

கிண்ணம் கை மாறியது. ஒவ்வொருவரும் குடித்தார்கள், ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. சாவு வீட்டில் எங்கள் ஆட்கள் விஷத்தைக் கொடுத்தாலும் மரியாதையாகக் குடிப்பார்கள். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் ஷூர் கூட, குடித்துவிட்டுக் கிண்ணத்தின் அடியையே பார்த்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: “என்னய்யா ஆச்சு?”

எல்லாக் கண்ணும் கீர்முண்ட் மேல். காது மடல் கொதித்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தவன் வேறொன்றைச் சொன்னான்.

“ஈஸ்ட்டு கெட்டுப் போயிருக்கு. நான் என்ன கழுவி என்ன? ஜாடியிலயே அழுக்கு.”

செத்தவன் வீட்டில், செத்தவன் மேல் பழி. தோர்கில்ஸ் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறானா? ஹெர்போர்க்கின் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்தது. “மன்னிச்சிருங்க,” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அதன்பிறகு கீர்முண்டுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். சாப்பிட்டான், தூங்கினான், மாட்டைக் கவனித்தான். ஆனால் கீழ்வீட்டுப் புகைபோக்கியைப் பார்க்க நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயம் ஹெர்போர்க்கே மேலே வந்தாள். இளைத்திருந்தாள். காப்பி வேண்டாம் என்று நின்றுகொண்டே பேசினாள்.

“ஜாடியில மிச்சம் இருந்ததைக் குப்பையில கொட்டிட்டேன். இனி யாருக்கும் கெடுதி வேண்டாம். அந்தத் தொட்டி ஒண்ணு கிடக்கு. அதையும் பொளந்து அடுப்புல வச்சிரலாம்னு பார்க்கிறேன். சுத்தம் தெரிஞ்சவன் நீ. எரிச்சிரட்டுமா?”

கீர்முண்ட் ஜன்னலைப் பார்த்தான். “உன் இஷ்டம்,” என்றான்.

“ஊருக்கெல்லாம் இத்தனை வருஷம் அழுக்கைக் குடிக்கக் கொடுத்திருக்கோமே. நீ கிண்டல் பண்ணப்பல்லாம் உம்மேல கோவப்பட்டேன். நீ சொன்னது சரிதான்.” அவள் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

சிக்னே கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். காலி பிளீச்சிங் பாட்டிலைக் குப்பையில் பார்த்தவள் அவள்.

“நீயா சொல்லுவேன்னு இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வெக்கமா இல்ல உனக்கு?”

“ஈஸ்ட்டும் பழசுதானே சிக்னே. அதுவும் கெட்டிருக்கலாம்...”

“அந்த ஈஸ்ட்டா கெட்டது? உள்ள போ. குளிர்பெட்டியில உன் ஜாடி இருக்குல்ல, உன் அப்பன் காலத்து ஈஸ்ட்டு, சுத்தமான ஈஸ்ட்டுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பியே, எடுத்து மோந்து பாரு. அது தோர்கில்ஸோடது.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“வெள்ளம் வந்த வருஷம் மின்சாரம் போயி உன்னோடது புளிச்சு நாறிப் போச்சு. நீ அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தே. நான் கீழ போயி அவன்கிட்ட கேட்டேன். ஜாடியை நிரப்பிக் குடுத்துட்டு, ‘அவன்கிட்ட சொல்லாத சிக்னே, வெக்கப்படுவான்’னு சொன்னான். அதுக்கப்புறமும் நீ எத்தனை தடவை அவனைக் கிண்டல் பண்ணினே! அவன் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தான். ஹெர்போர்க்குக்குக் கூடச் சொல்லலை.”

கீர்முண்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது அவனுக்கு. தன் பீரைக் குடித்துவிட்டுத் தோர்கில்ஸ் ஒவ்வொரு தடவையும், “அருமையான ஈஸ்ட்டுப்பா உன்னோடது” என்று சொன்னது ஞாபகம் வந்தது. இவனும் அந்தப் பாராட்டை வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அந்த வாரமே ஷூர் வீட்டுப் பீர் பதம் வந்தது. அக்கம்பக்கமெல்லாம் ருசி பார்க்கக் கூடிவிட்டது. ஹெர்போர்க் வருவதாக இல்லை. சிக்னேதான் கையைப் பிடித்து இழுத்து வந்து கதவோரம் உட்கார வைத்திருந்தாள். ஷூர் முதல் குவளையைக் கீர்முண்டிடம் நீட்டினான்.

“சொல்லுங்க, கழுவுற சாமி. பாஸா ஃபெயிலா?”

கீர்முண்ட் குவளையை வாங்கவில்லை. கோட்டுக்குள்ளிருந்து ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“சாவுக்குக் காய்ச்சின பீரைக் கெடுத்தது நான்,” என்றான். “மரத்தொட்டியில பிளீச்சிங் ஊத்தினேன். தெரிஞ்சேதான் ஊத்தினேன். ஈஸ்ட்டுல ஒரு குத்தமும் இல்ல. நான் இத்தனை வருஷமா போட்டுக் காய்ச்சினதும், நீங்க குடிச்சு ஆகா ஓகோன்னதும் தோர்கில்ஸ் ஈஸ்ட்டுதான். இதோ இருக்கு.”

ஷூர் ஏதாவது நக்கல் அடிப்பான், அடித்தால் தேவலை என்று கீர்முண்ட் அவனைப் பார்த்தான். ஷூர் அடிக்கவில்லை. நீட்டிய குவளையைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துவிட்டான்.

ஹெர்போர்க் எழுந்து மேசைக்கு வந்தாள். ஜாடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பேச ஆரம்பித்தபோது குரல் உயரவில்லை.

“அவன் போனதுக்குக் கூட அன்னிக்கு நான் அழலை, தெரியுமா உனக்கு? என் புருஷனை அடக்கம் பண்ணிட்டு வந்து, அவனை நினைச்சு வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அன்னியிலேருந்து இன்னிக்கு வரைக்கும் வெக்கப்பட்டுக்கிட்டுதான் இருக்கேன். எந்தத் தப்பும் பண்ணாதவனை நினைச்சு.”

மன்னிப்பு என்ற சொல் கீர்முண்டின் நாக்கு நுனி வரைக்கும் வந்து, சொல்லவும் கூசித் திரும்பிப் போனது.

அவள் ஜாடியைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். “தொட்டியை இன்னும் எரிக்கலை. வந்து கழுவு,” என்றாள். “வாடை போறவரைக்கும் கழுவு.”

இப்போது வாரத்துக்கு ஒருமுறை கீர்முண்ட் காட்டிலிருந்து ஜூனிப்பர் கிளைகளைச் சுமந்துகொண்டு கீழ்வீட்டுக்கு இறங்குவதை நாங்கள் பார்க்கிறோம். அவனுக்குத் தொலைபேசி செய்து யாரும் எதுவும் கேட்பதில்லை. வெளியூர்க்காரன் ஒருவன் தெரியாமல் கேட்டபோது, “ஷூரைக் கேளுங்க, எனக்குத் தெரியாது” என்று வைத்துவிட்டானாம். ஹெர்போர்க் வீட்டு முற்றத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தொட்டியில் ஊற்றுவான், மூடி வைப்பான், ஆறியதும் தேய்ப்பான், கவிழ்ப்பான். அவள் வந்து தொட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பாள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான்.

“இன்னும் இருக்கு,” என்பாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு அடுப்பில் மறுபடி விறகு வைப்பான்.